மூடும் தேதிக்கு முன்பே வர வேண்டிய சம்பளம்: காலநிலைச் சட்டங்கள் எப்படி நிலைக்கின்றன?

பிரான்ஸில் ஓடும் ஒவ்வொரு காரிலும் பளிச்சென்ற மேலங்கி ஒன்று இருக்க வேண்டும் என்பது 2008 முதல் சட்டம். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் ஓட்டுநர் அதை மாட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். 2018 நவம்பர் 17 அன்று நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அந்த மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். அடுத்த ஜனவரியில் டீசல் வரி லிட்டருக்கு 6.5 சென்ட்டும் பெட்ரோல் வரி 2.9 சென்ட்டும் ஏறவிருந்தன. டிசம்பர் முடிவதற்குள் அரசு அந்த உயர்வைக் கைவிட்டது.

பொருளாதாரப் பாடப்புத்தகத்தைக் கேட்டால் அந்த வரியில் குற்றம் சொல்லாது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 44.60 யூரோவாக இருந்த வரி 55 யூரோவாக உயரும். எரிபொருள் விலை ஏறும். மக்கள் குறைவாக எரிப்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் ரயிலோ பேருந்தோ எட்டிப்பார்க்காத ஊரில் இருந்து தினமும் காரில் வேலைக்குப் போகிறவர் குறைவாக எரிக்க வழியே இல்லை. டீசல் கார் வாங்குங்கள் என்று பல்லாண்டுகளாக வரியைக் குறைத்து வைத்து ஊக்குவித்ததும் அதே அரசுதான். அதே 2018-ல் பெரும் பணக்காரர்களின் மொத்தச் சொத்துக்கு இருந்த வரி நீக்கப்பட்டு, வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. கார்பன் வரிப் பணத்தின் பெரும்பகுதி பொதுக் கஜானாவில் கலந்தது. இழப்பு பங்க்கில் நிற்கும் ஒவ்வொரு முறையும் கண்ணில் பட்டது. பலனோ எங்கோ வளிமண்டலத்தில், எப்போதோ வரப்போகிற ஆண்டுகளில்.

காலநிலைக் கொள்கை எந்த இடத்தில் உடையும் என்பதை இந்தச் சம்பவம் துல்லியமாகக் காட்டுகிறது. மக்கள் பூமியைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது சோம்பேறித்தனம். பலன் இழப்புக்கு முன்னால் வருகிறதா, வருவது கண்ணுக்குத் தெரிகிறதா, கொடுப்பேன் என்றவர் கொடுக்காமல் தப்பிக்க முடியுமா என்பதில்தான் சட்டத்தின் ஆயுள் இருக்கிறது என்பது என் கருத்து. இந்த மூன்றும் மனநிலை சார்ந்த விஷயங்கள் அல்ல. சட்டப் பிரிவுகளில் எழுதி வைக்கக்கூடியவை.

முதலில் எளிதான வழியைப் பார்ப்போம்: வரியை வாங்கி அதை மக்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது. கனடா 2019-ல் தொடங்கிய எரிபொருள் கட்டணத்தில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பியது. பணக்காரர்கள் அதிகம் எரிப்பதால், குறைந்த வருமானக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டியதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் ஆரம்பத்தில் அந்தப் பணம் வருமான வரிப் படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. 2022 ஜூலையில்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரடியாக வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். அப்போதும் அது எதற்கான பணம் என்பது பலருக்குப் புரியவில்லை. 2024-ல் பெயரை மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் ‘வரியை ஒழிப்போம்’ என்ற முழக்கம் ஊரெல்லாம் பரவியிருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டணமே இல்லை. சுவிட்சர்லாந்தில் இதே போன்ற தொகை மருத்துவக் காப்பீட்டு பில்லில் கழிவாக வருகிறது. அங்கேயும் பலர் அதைக் கவனிப்பதில்லை.

பணம் கைக்கு வந்தும் அரசியல் ரீதியாக அது பாதுகாப்பு தரவில்லை என்றால், அதற்காகச் சண்டை போட யாரும் இல்லை என்று அர்த்தம். சில நூறு டாலருக்காக யாரும் சங்கம் வைப்பதில்லை. வேலைக்காக வைப்பார்கள். அதனால்தான் காலநிலைக் கொள்கையை வடிவமைப்பவர்கள் கடந்த சில ஆண்டுகளாகத் தொழிலாளர் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்.

இதில் மிகப் பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. 2022 ஆகஸ்ட் 16 அன்று கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டம், சூரிய மின் நிலையம் கட்டுகிறவர்களுக்கு முதலீட்டில் ஒரு பங்கை வரிச்சலுகையாகத் தந்தது. அடிப்படைச் சலுகை 6 சதவீதம். ஆனால் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றினால் அது ஐந்து மடங்காகி 30 சதவீதம் ஆகும். ஒன்று, அந்தந்த வட்டாரத்தில் அந்தந்தத் தொழிலுக்குத் தொழிலாளர் துறை நிர்ணயித்திருக்கும் கூலியைக் குறையாமல் கொடுப்பது. 1931 முதல் அரசுக் கட்டுமானப் பணிகளுக்கு இருந்த விதி இது. புதிய சட்டம் அதைத் தனியார் மின் நிலையத்துக்கும் கொண்டுவந்தது. இரண்டு, மொத்த வேலை நேரத்தில் குறிப்பிட்ட பங்கைப் பதிவு பெற்ற அப்ரண்டிஸ்களிடம், அதாவது தொழில் பழகுகிறவர்களிடம், கொடுப்பது. 2024-லிருந்து தொடங்கும் பணிகளுக்கு அந்தப் பங்கு 15 சதவீதம்.

எண்களை வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் புரியும். பத்துக் கோடி டாலரில் ஒரு சோலார் பண்ணை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். எலக்ட்ரீஷியனுக்கு அடிமாட்டுக் கூலி கொடுத்தால் சலுகை 60 லட்சம் டாலர். நியாயமான கூலி கொடுத்து அப்ரண்டிஸ்களையும் சேர்த்துக்கொண்டால் 3 கோடி டாலர். வித்தியாசம் 2 கோடியே 40 லட்சம். சோலார் பண்ணையின் செலவில் பெரும்பகுதி பேனலுக்கும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும், இன்வெர்ட்டருக்கும், கேபிளுக்கும் போகிறது. கூலி சிறு பங்குதான். அதனால் கூலியை உயர்த்துவது முதலாளிக்கே லாபம். சைட்டில் குறைத்துக் கொடுத்தது பிறகு தெரியவந்தால், விட்டுப்போன கூலியை வட்டியோடு அந்தத் தொழிலாளிக்கே கொடுக்க வேண்டும். அதோடு ஆளுக்கு 5,000 டாலர் அபராதம். அப்ரண்டிஸ் நேரம் குறைந்தால் குறைந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 50 டாலர். தவறு செய்தது துணை ஒப்பந்ததாரர் என்றாலும் சலுகை கேட்கிறவர்தான் பொறுப்பு. ‘எனக்குத் தெரியாது, அது அந்த கான்ட்ராக்டர் விவகாரம்’ என்று கையை விரிக்க முடியாது. தொழிலாளர் சட்டங்கள் உலகெங்கும் ஓட்டையாவது இந்த இடத்தில்தான் என்பதால் இந்தப் பிரிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்ரண்டிஸ் நிபந்தனைக்கு இன்னொரு முகமும் உண்டு. மின்சாரத்துக்கு மாறுவது என்றால் கோடிக்கணக்கான இணைப்புகளைக் கையால் செய்வது: ஸ்விட்ச் போர்டு மாற்றுவது, வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்துவது, உயர் அழுத்தக் கம்பி இழுப்பது. நல்ல எலக்ட்ரீஷியன் உருவாக நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். இன்று பழக ஒருவரைச் சேர்க்காத நாடு ஐந்து வருடம் கழித்து ஆள் இல்லை என்று புலம்பத்தான் வேண்டும். ஆக, தொழிலாளருக்கான சலுகை போலத் தெரிவது உண்மையில் மொத்தத் திட்டத்துக்குமான ஆள்பலத் தயாரிப்பு.

சரி, இவ்வளவு யோசித்து எழுதிய சட்டம் என்ன ஆனது? 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம் இதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. சலுகை வேண்டுமானால் காற்றாலையும் சோலாரும் 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், இல்லையென்றால் 2027 முடிவதற்குள் இயங்க ஆரம்பிக்க வேண்டும் என்று அது கெடு வைத்தது. மின்சாரக் கார் சலுகை 2025 செப்டம்பர் 30-லும், வீட்டுக் கூரை சோலார் சலுகை அந்த ஆண்டுக் கடைசியிலும் முடிந்தன. இத்தனைக்கும் புதிய தொழிற்சாலை முதலீட்டில் பெரும்பங்கு, எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினரின் தொகுதிகளுக்கே போயிருந்தது. 2024-ல் அவர்களில் 18 பேர் ‘முழுசாக ரத்து செய்துவிடாதீர்கள்’ என்று சபாநாயகருக்குக் கடிதம்கூட எழுதினார்கள். வெட்டு விழுந்தபோது அந்தக் குரல் எடுபடவில்லை.

காரணங்களில் முக்கியமானதாக எனக்குப் படுவது காலம். தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டுவதற்கும் முதல் சம்பளம் வருவதற்கும் இடையே மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். தேர்தல் அதற்குக் காத்திருக்காது. வேலை கிடைத்தவருக்கும் அது ஒரு வரிச்சட்டப் பிரிவால் கிடைத்தது என்று தெரிய வாய்ப்பில்லை. சம்பளச் சீட்டில் கம்பெனி பெயர்தான் இருக்கும். கூலி நிபந்தனை இரும்பு போல் இருந்தும், பலன் தாமதமாகவும் முகமில்லாமலும் வந்தது.

இந்தத் தாமதத்தைத் தலைகீழாக்கிய நாடு ஸ்பெயின். நஷ்டத்தில் ஓடும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அரசு உதவி தருவதை 2018 முடிவோடு நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் கெடு வைத்திருந்தது. அந்தக் கெடு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2018 அக்டோபரில், அரசும் சுரங்கத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் கூட்டமைப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். 25 கோடி யூரோ. 48 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம். மற்றவர்களுக்கு இழப்பீடும் பயிற்சியும். தோண்டிக் குதறிய நிலத்தைச் சீரமைக்கும் வேலையில் பழைய சுரங்கத் தொழிலாளர்களுக்கே முன்னுரிமை. சில மாதங்களில், 2019 ஏப்ரலில், தேர்தல் வந்தது. சுரங்கத்தை மூடிய கட்சிக்குச் சுரங்க ஊர்களில் வாக்கு சரிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதே போன்ற மற்ற ஊர்களோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது, அந்தக் கட்சியின் வாக்குப் பங்கு சுரங்க ஊர்களில் கூடியிருந்தது. ஜெர்மனியின் நிலக்கரி ஆணையமும் 2019 ஜனவரியில் கிட்டத்தட்ட இதே பாதையைத்தான் பரிந்துரைத்தது: 2038-க்குள் மூடுவது, நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு தென் ஆப்பிரிக்காவின் கோமாட்டி இருக்கிறது. 1961-ல் இயங்கத் தொடங்கிய அந்த அனல் மின் நிலையத்தின் கடைசி யூனிட் 2022 அக்டோபர் 31 அன்று நின்றது. மாற்றுத் திட்டத்துக்கான 49.7 கோடி டாலரை உலக வங்கி அங்கீகரித்தது அதற்கு அடுத்த சில நாட்களில். நிரந்தர ஊழியர்கள் பலர் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களை நம்பி வாடகைக்கு அறை விட்டவர், சாப்பாடு விற்றவர் யாரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பேனல் வரும் என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வருமானம் நின்றுவிட்டது. இப்படி ஓர் ஊர் நொந்துபோனால், அடுத்து மூடவிருக்கும் ஒவ்வொரு ஊரும் அதைப் பார்த்துத்தான் தன் நிலைப்பாட்டை எடுக்கும்.

ஒரு விஷயத்தை மூடி மறைக்கக் கூடாது. சோலார் பண்ணையைக் கட்டும்போது நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்வார்கள். கட்டி முடித்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சிலர் போதும். அனல் மின் நிலையமோ பல பத்தாண்டுகளுக்கு நூற்றுக்கணக்கானவர்களை வைத்திருக்கும். ‘போன ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேலை வரும்’ என்று சொல்கிற அமைச்சர் சீக்கிரமே மாட்டிக்கொள்வார். தேசியக் கணக்கில் வேலைகள் கூடலாம். ஆனால் அவை அதே ஊரில், அதே கைகளுக்கு, அதே சம்பளத்தில் வருவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்ததிலேயே நல்ல யோசனை மறுபடியும் ஸ்பெயினிலிருந்துதான் வருகிறது. டெருவெல் மாகாணத்தில் ஆண்டோரா என்ற சிற்றூரில் 343 மீட்டர் உயரப் புகைபோக்கியுடன் ஓர் அனல் மின் நிலையம் இருந்தது. 2020 ஜூன் கடைசியில் அதை மூடினார்கள். மூடிய நிலையத்தில் எஞ்சுவது பழைய இரும்பு மட்டும் அல்ல. நாட்டின் மின் தொகுப்போடு சேரும் பெரிய இணைப்பும் எஞ்சுகிறது. காற்றாலைக்காரர்களும் சோலார்காரர்களும் இணைப்பு கிடைக்காமல் வருடக்கணக்கில் காத்திருப்பதால் அதன் மதிப்பு மிக அதிகம். வழக்கமான முறையில் விட்டிருந்தால் முதலில் வந்து விண்ணப்பித்த கம்பெனி அள்ளிக்கொண்டு போயிருக்கும். அரசு அதைத் தனியே எடுத்து வைத்து, உள்ளூரில் எத்தனை வேலை, எத்தனை பேருக்குப் பயிற்சி, சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன பங்கு என்று மதிப்பெண் போட்டுப் போட்டி நடத்தியது. 2022 நவம்பரில் 1,202 மெகாவாட் இணைப்பு, அந்தப் பழைய நிலையத்தை நடத்திய எண்டேசா நிறுவனத்துக்கே கிடைத்தது. ஆனால் இம்முறை உள்ளூர் வேலையும் பயிற்சியும் உரிமத்தோடு கட்டிய கடமைகளாகிவிட்டன.

இதற்காக யார் மீதும் புதிய வரி போடவில்லை. நிலக்கரி அந்த ஊரில் எரிந்ததால்தான் அந்தக் கம்பிகளே அங்கே வந்தன. அவற்றின் மதிப்பில் ஊருக்கும் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டால் போதும். மூடப்படும் ஒவ்வொரு அனல் மின் நிலையத்தின் வாசலிலும் இப்படி ஓர் இணைப்பு இருக்கிறது. மூடும் தேதியை அறிவிக்கும் அதே உத்தரவில், அந்த இணைப்பு யாருக்கு, எந்த நிபந்தனையில் போகும் என்பதையும் எழுதிவிடலாம்.