கட்டுநரா, ஆக்கியா?

காட்பாடியில் ஒரு நிரலாக்கப் பயிற்சி வகுப்புக் கையேட்டில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்பதற்குக் ‘கட்டுநர்’ என்ற தமிழாக்கத்தை மீண்டும் கண்டேன். நிரலில் ‘வகுப்பு’ (கிளாஸ்) என்பது ஓர் அச்சு; அதிலிருந்து ஒரு பொருள் (ஆப்ஜெக்ட்) உருவாகும்போது அதைத் தயார்செய்ய ஓடும் நிரல்பகுதியே கன்ஸ்ட்ரக்டர். ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றைக் கிளைத்தால், முன்னது அடிவகுப்பு, பின்னது கிளைவகுப்பு. ‘அடிவகுப்பின் கட்டுநரை அழைக்கவும்’ என்ற வரியைப் படித்த மாணவர் ஒருவர், மேஸ்திரிக்குப் போன் போட வேண்டுமா என்று கேட்டார். கேலிதான், ஆனால் நியாயமான கேள்வி.

ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு ஒன்றாக அடுக்குதல் என்று பொருள். சி++ என்ற நிரல்மொழி 1979-இல் ‘சி வித் கிளாசஸ்’ என்ற பெயரில் தொடங்கியபோது அதை உருவாக்கிய ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் கன்ஸ்ட்ரக்டருக்கு ‘நியூ’ என்றே பெயரிட்டிருந்தார். வரலாறு இவ்வளவு போதும்.

ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர் என்று வேலூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றாலே தெரியும், ‘நர்’ ஈறு ஆளைக் குறிப்பது. வேலையைச் செய்யும் பொருளுக்கு மண்வெட்டி, தேங்காய்த்துருவி, மின்விசிறி என ‘இ’ ஈற்றைத் தமிழ் எப்போதோ கொடுத்துவிட்டது. ஆகவே ‘ஆக்கி’ என்பதே முறை.

இலக்கணப் பிழையையாவது பொறுக்கலாம். பொருட்குழப்பத்தைப் பொறுக்க முடியாது. சி++ இல் அடிவகுப்பின் ஆக்கி முதலில் ஓடி, அதன்பின்னரே கிளைவகுப்பின் ஆக்கி ஓடும் ஒழுங்கை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரே காக்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியிலோ ‘நியூ’ என்ற நிரல்பகுதி பொருளைப் படைத்துத் தர, ‘இனிட்’ அதற்குத் தொடக்க மதிப்புகளை இடுகிறது; கிளைவகுப்பு தனக்கென ஓர் இனிட் எழுதிக்கொண்டால், அடிவகுப்பினுடையது தானாக ஓடாது. சி++ நிரலைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைபைண்ட்11 வழியாக ஒரு சி++ வகுப்பைப் பைத்தானில் கிளைக்கும்போது, உள்ளிருக்க வேண்டிய சி++ பொருள் அடிவகுப்பின் இனிட் அழைக்கப்படும்போதுதான் பிறக்கிறது. அதை மறந்தால் ‘டைப் எரர்’ என்ற பிழைச்செய்தி வந்து நிற்கும். கடைக்கால் போடாமல் சுவர் எழுப்பாதே என்று எங்கள் பக்கத்துக் கொத்தனார் சொல்வதும் அதைத்தான்.

இனிட்டைத் ‘தொடக்கி’ என்று வேறுபடுத்தினால், ‘தொடக்கியை அழைக்காவிட்டால் ஆக்கி ஓடாது’ என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம். கையேடு இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருப்பதால், அங்கே அவ்வரி ‘கட்டுநரை அழைக்காவிட்டால் கட்டுநர் ஓடமாட்டார்’ என்று அச்சாகியிருக்கிறது. மொழிபெயர்த்தவர் ஒருமுறையேனும் நிரலை ஓட்டிப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது; அகராதியை மட்டும் புரட்டி எழுதுவோர் இப்போது பெருகிவிட்டனர்.

அடுத்த பக்கத்தில், பொருள் அழியும்போது ஓடும் ‘டிஸ்ட்ரக்டர்’ என்பதற்கு ‘அழிப்பாளர்’ என்றிருக்கிறது. ‘அழிப்பி’ என்று எழுதியிருந்தால் இரண்டு எழுத்தாவது மிச்சமாகியிருக்கும்.