சொல் விளக்கம்: சூழல் குஸ்நெட்ஸ் வளைகோடு

வளரும் நாடுகளின் பொருளாதாரமும் சுற்றுச்சூழலும் பேசப்படும் இடத்தில் இந்தப் பெயர் எப்படியும் வந்துவிடும். சொல்லும் செய்தி எளிது. தொழில் பெருகும்போது முதலில் காற்றும் நீரும் கெடும்; தலைக்கு வருமானம் ஓர் அளவைத் தாண்டியதும் மாசு குறையத் தொடங்கும். படமாக வரைந்தால் கவிழ்த்து வைத்த 'ப' போல இருக்கும். உச்சியில் உள்ள இடம் திருப்புமுனை.

சைமன் குஸ்நெட்ஸ் சொன்ன கோடு வேறு. இன்றைய பெலாரஸில் உள்ள பின்ஸ்க் நகரில் 1901-இல் பிறந்து, 1922-இல் அமெரிக்கா போய், 1971-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் அவர். (குஸ்நெட்ஸ் என்றால் ரஷ்ய மொழியில் கொல்லர். புகை பற்றிய கோட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்!) 1955-இல் அவர் எழுதியது வருமான ஏற்றத்தாழ்வு பற்றி: வளர்ச்சியின் தொடக்கத்தில் அது கூடும், பிறகு குறையும் என்றார். அந்தக் கட்டுரையில் தரவு 5 சதவீதம், ஊகம் 95 சதவீதம் என்று அவரே ஒப்புக்கொண்டார். பின்னால் வந்தவர்களுக்கு அந்த அடக்கம் இல்லை.

1991-இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஜீன் கிராஸ்மனும் ஆலன் குரூகரும், மெக்சிகோவுடனான தடையற்ற வணிகத்தால் மாசு கூடுமா என்று ஆராய்ந்தபோது இதே வடிவம் கந்தக டைஆக்சைடிலும் புகையிலும் தெரிந்தது. திருப்புமுனை தலைக்கு சுமார் 4,000 முதல் 5,000 டாலர், 1985-ஆம் ஆண்டு விலையில். 1993-இல் தியோடர் பனயோட்டு என்ற பொருளியலாளர் இதற்குக் குஸ்நெட்ஸின் பெயரைச் சூட்டினார். "முதலில் வளர்வோம், சுத்தம் அப்புறம்" என்பவர்களுக்கு நல்ல சாக்கு கிடைத்தது.

ஆனால் எல்லா மாசும் இப்படித் திரும்புவதில்லை. உலக வங்கியின் 1992 அறிக்கையிலேயே நகரக் குப்பையும் கரியமில வாயுவும் வருமானத்தோடு ஏறிக்கொண்டே போயின. கந்தகப் புகை உள்ளூர்க்காரரின் மூச்சை அடைக்கும், அவர் சத்தம் போடுவார். கரியமில வாயுவின் கேடு உலகம் முழுக்கப் பரவிவிடுவதால் அந்த நெருக்கடி வருவதில்லை. பணக்கார நாடுகள் புகை கக்கும் தொழில்களை ஏழை நாடுகளுக்குத் தள்ளிவிட்டு, பொருளை மட்டும் வாங்கிக்கொள்வதும் உண்டு.

கந்தகமும் தானாகத் திரும்பியதில்லை. சீனாவில் 2006-க்குப் பிறகு அது சரிந்ததற்கு, அனல்மின் நிலையங்களில் கந்தக நீக்கக் கருவியைக் கட்டாயமாக்கியது முக்கியக் காரணம். இந்தியா 2015 டிசம்பரில் இதற்கான விதியைக் கொண்டுவந்தது. கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. அரசாணை இல்லாமல் வருமானம் மட்டும் கோட்டை வளைக்கும் என்பது என் கண்ணுக்கு வெறும் நம்பிக்கையாகத்தான் படுகிறது.

உச்சிவரை ஏறியே ஆகவேண்டுமா என்று கேட்டவர் இலங்கைப் பொருளியலாளர் மொகான் முனசிங்க. மலையைக் குடைந்து போவதுபோல வளைகோட்டின் ஊடே போகலாம் என்றார் அவர். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வளரும் நாடுகளுக்கு முக்கியமாவது இங்கேதான். கென்யாவின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஓல்காரியா என்ற இடத்துப் புவிவெப்பம், நீர், காற்று முதலியவற்றிலிருந்து வருகிறது. அந்த நாடு பணக்கார நாடாகும்வரை காத்திருக்கவில்லை. ஆனாலும் அங்கே பல வீடுகளில் இன்னும் விறகும் கரியும்தான் எரிகின்றன. இந்தியாவின் மின் நிறுவுதிறனில் (நிலையங்கள் முழுவீச்சில் தரக்கூடிய அளவில்) பாதி 2025-இல் புதைபடிவ எரிபொருள் சாராததாக ஆகிவிட்டது. உற்பத்தியில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? 'வளைவு' என்றால் தோரண வளைவும் சாலை வளைவும் நினைவுக்கு வரும். தமிழகப் பொருளியல் பாடநூல்களில் 'தேவை வளைகோடு' இருக்கிறது. இலங்கையில் அதையே 'கேள்வி வளையி' என்பார்கள். வளையி சுருக்கமானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் தமிழகத்து வாசகர்க்கு வளைகோடுதான் பழக்கம். ஆகவே 'சூழல் குஸ்நெட்ஸ் வளைகோடு'. முதல்முறை வரும் இடத்தில் 'கருதுகோள்' என்று சேர்த்துவிடுங்கள், 'விதி' வேண்டாம். முனசிங்க சொன்னதற்குச் 'சுரங்கவழி' போதும்.