பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: நிறுவும் முன்பே வரும் சிக்கல்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 (ஒரு பாதுகாப்புச் சிப்) இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஆகவே பழைய விண்டோஸை ஒன்றிரண்டு மென்பொருள்களுக்காக வைத்துக்கொண்டு, அன்றாட வேலைக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை அதே கணினியில் போடுவது நல்ல வழி. 4 ஜிபி ரேம் இருந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு தாராளமாக ஓடும்.

முதலில் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. டிஸ்க்கைச் சோதிக்கும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' (படிக்கத் தடுமாறும் பகுதிகளின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்) வேலையே வேண்டாம். தரவை வெளியே எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் தொடங்காதீர்கள்.

அடுத்தது பூட் முறை, அதாவது கணினி இயங்கத் தொடங்கும் விதம். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால், 'பயாஸ் மோட்' என்ற வரியில் லெகசி (பழைய முறை) அல்லது யுஇஎஃப்ஐ (புதிய முறை) என்றிருக்கும். லினக்ஸை நிறுவும் பென்டிரைவையும் அதே முறையில் பூட் செய்ய வேண்டும். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருப்பது ஒன்று, போடாதது இன்னொன்று. மாற்றித் தேர்ந்தெடுத்தால் நிறுவல் ஒழுங்காகவே முடியும். ஆனால் கிரப் (எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் லினக்ஸின் பூட்லோடர்) மெனுவிலிருந்து விண்டோஸுக்குள் போக முடியாது.

லெகசி கணினிகளில் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் (பார்ட்டிஷன் விவரத்தைப் பதியும் பழைய முறை) வகை. அதில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான். சிஸ்டம் ரிசர்வ்ட், சி, டி, ரிகவரி என்று நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், சி டிரைவைச் சுருக்கி எடுத்த இடத்தை லினக்ஸ் 'பயன்படுத்த முடியாதது' என்று காட்டும். அந்த இடத்தில் விண்டோஸிலேயே ஐந்தாவது பார்ட்டிஷன் போட முயன்றால், 'டைனமிக் டிஸ்க்காக மாற்றட்டுமா' என்று அது கேட்கும். தயவுசெய்து 'யெஸ்' அழுத்தாதீர்கள். டைனமிக் டிஸ்க் விண்டோஸுக்கே உரிய பிரிப்பு முறை; லினக்ஸ் நிறுவி அதைக் கையாளாது. தரவு போகாமல் திரும்பி வரவும் எளிய வழியில்லை. டி டிரைவில் உள்ளதை வெளியே நகலெடுத்துவிட்டு அந்தப் பார்ட்டிஷனை நீக்குங்கள். காலியான இடத்தில் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே பல பகுதிகள் போடக்கூடியது) அமைத்து, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷனில் லினக்ஸைப் போடலாம். அங்கிருந்து அது குறையில்லாமல் இயங்கும்.

சி டிரைவைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலேயே செய்யுங்கள். பாதி டிரைவ் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருங்கும் என்று காட்டினால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், ரீஸ்டோர் பாயிண்ட் ஆகியவற்றைத் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து பாருங்கள். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி. 50 ஜிபி கொடுத்தால் நெருக்கடி இல்லை.

'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைப்பது கட்டாயம். அது இயங்கும்வரை 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. அந்த நிலையில் உள்ள டிரைவில் லினக்ஸிலிருந்து வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் சிதையும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இந்த அமைப்பை மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.

லெகசி முறையில் நிறுவும்போது பூட்லோடர் (கிரப்) போகும் இடமாக ஹார்ட் டிஸ்க்கையே காட்டுங்கள். அதன் பார்ட்டிஷன் ஒன்றையோ பென்டிரைவையோ அல்ல. பென்டிரைவைக் காட்டிவிட்டால் அதைச் செருகாமல் லினக்ஸ் எழாது.

மெனுவில் விண்டோஸ் தெரியவில்லையா? கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பில் அணைந்திருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு கிரப்பைப் புதுப்பித்தால் வந்துவிடும்.

ஒரு இயங்குதளத்திலிருந்து மற்றதற்கு மாறும்போது கடிகாரம் சில மணி நேரம் தள்ளிப்போவது பழுதல்ல. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசியாகவும் (உலகப் பொது நேரம்) படிக்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் போதும். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பின் இரண்டிலுமே தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அப்போது பயாஸ் அமைப்புகளும் அழிந்து, சாட்டா முறை (டிஸ்க்குடன் கணினி பேசும் விதம்) ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறிவிடலாம். விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். பேட்டரியை மாற்றி, சாட்டா முறையைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும். மறுநிறுவல் தேவையில்லை.