கை படாத குலுக்கல்

வீட்டில் சீட்டுக் குலுக்கும்போது பார்த்திருப்பீர்கள். பெயர் எழுதி மடித்த தாள்களை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஒரு சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குப் படிக்கத் தெரியாது, அதுதான் பாதுகாப்பு. அப்படியும் யாராவது ஒருத்தர், "அந்த ஒரு சீட்டு மட்டும் தடிமனா இருந்துச்சே" என்று முணுமுணுப்பார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்காரர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. அவர்கள் குழந்தையைத் தேடவில்லை. பளிங்குக் கல்லில் ஒரு கருவியைச் செய்தார்கள்.

அதன் பெயர் கிளெரோடீரியன். எதற்கு என்றால், அன்றாடம் நீதிமன்றத்தில் யார் உட்காருவது என்பதைத் தீர்மானிக்க. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நாம் அறிந்த வகை நீதிபதி கிடையாது, தொழில்முறை அரசு வழக்கறிஞர் கிடையாது. வழக்குப் போட்டவரும் போடப்பட்டவரும் தாங்களே பேச வேண்டும். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் சாதாரணக் குடிமக்கள். 201 பேர், 401 பேர், 501 பேர் என்று கூட்டமாக. 30 வயது நிரம்பிய 6000 பேர் ஆண்டுதோறும் இதற்காகச் சத்தியப் பிரமாணம் செய்தார்கள். ஒரு நாள் உட்கார்ந்தால் மூன்று ஓபோல் (சின்ன வெள்ளிக் காசு) கூலி.

இத்தனை பேருக்கு எப்படி லஞ்சம் கொடுக்க முடியும் என்று தோன்றும். முடிந்தது. பைலோஸ் கோட்டையைக் காக்கப் போய்ப் பறிகொடுத்துவிட்டு வந்த அனிட்டஸ் என்ற தளபதிமேல் கி.மு. 409 வாக்கில் வழக்கு வந்தபோது, ஜூரியையே விலைக்கு வாங்கித் தப்பினார் என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதென்ஸ் அரசியலமைப்பு' என்ற நூல் சொல்கிறது. அந்த வேலையைத் தொடங்கிவைத்த முதல் ஆள் அவர்தானாம். பத்து ஆண்டு கழித்து, கி.மு. 399-இல், இளைஞர்களைக் கெடுத்தார் என்று சாக்ரடீஸைக் குற்றம் சாட்டிய மூவரில் ஒருவரும் இதே அனிட்டஸ்தான். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அன்றைக்கு இருந்த ஓட்டை எளிது. எந்த ஜூரிக் குழு எந்த நீதிமன்றத்தில் உட்காரும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்தால் போய்ப் பார்க்கலாம். ஆகவே அடுத்த தலைமுறை செய்த சீர்திருத்தம் ஆட்களைத் திருத்தும் முயற்சி அல்ல. கடைசி நிமிடம் வரை யாருக்கும் எதுவும் தெரியாமல் வைக்கும் முயற்சி.

சரி, கருவிக்கு வருவோம். ஆள் உயரப் பளிங்குப் பலகை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகப்பில் ஐந்து செங்குத்து வரிசைகளாகச் சின்னச் சின்னப் பிளவுகள். ஒவ்வொரு ஜூரியிடமும் ஒரு ஒல்லித் தகடு இருக்கும். அதில் அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பிரிவு, கூடவே ஆல்ஃபா முதல் கப்பா வரை பத்தில் ஓர் எழுத்து. பினாக்கியன் என்பது அதன் பெயர். ஏதென்ஸின் குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பிரிந்திருந்தார்கள் (ரத்த உறவுக் குலங்கள் அல்ல, நகரம், கடற்கரை, உள்நாடு மூன்றையும் கலந்து கி.மு. 508 வாக்கில் கிளெய்ஸ்தெனீஸ் அமைத்த பிரிவுகள்). ஒவ்வொரு குலத்துக்கும் தனி வாசல், வாசலுக்கு இரண்டு கருவிகள்.

விடிகாலையில் வந்தவர்கள் தங்கள் எழுத்துக்குரிய பெட்டியில் தகட்டைப் போடுவார்கள். பெட்டியைக் குலுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தகட்டை அதிகாரி உருவுவார். அந்த ஆள்தான் அன்றைக்குத் தன் பெட்டியில் உள்ள தகடுகளை எடுத்துக் கருவியின் பிளவுகளில் மேலிருந்து கீழாகச் செருக வேண்டும். செருகும் வேலைக்கே ஒரு குலுக்கல்! ஒரே ஆள் தினமும் செருகினால் தில்லுமுல்லு செய்வான் என்று காரணத்தையும் அந்த நூல் பச்சையாக எழுதிவைத்திருக்கிறது.

தகடுகள் செருகி முடிந்த பிறகுதான் உண்மையான குலுக்கல். கல்லின் பக்கவாட்டில் ஒரு குழாய். அதன் புனல் வாயில் கறுப்பும் வெள்ளையுமாகப் பகடை போன்ற வெண்கலக் கட்டைகளைக் கலந்து கொட்டுவார்கள். கீழே ஒவ்வொன்றாக வெளியே வரும். முதல் கட்டை முதல் கிடைவரிசைக்கு. வெள்ளை வந்தால் அந்த வரிசையில் உள்ள ஐந்து பேரும் இன்று ஜூரி. கறுப்பு வந்தால் ஐந்து பேரும் தகட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது கட்டை இரண்டாவது வரிசைக்கு, இப்படியே கடைசி வரை.

கணக்கு அழகானது. 500 பேர் வேண்டுமென்றால் குலத்துக்கு 50, கருவிக்கு 25. வரிசைக்கு ஐந்து பேர் என்பதால் ஐந்து வெள்ளைக் கட்டைகள் போதும். அன்று 20 வரிசை நிரம்பியிருந்தால் மீதி 15 கட்டைகள் கறுப்பு. தேவையான எண்ணிக்கை அச்சாகக் கிடைத்துவிடும், பத்துக் குலங்களிலிருந்தும் சமமாக. ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து வெவ்வேறு எழுத்துக்காரர்கள் கலந்திருப்பார்கள். செருகுபவன் தனக்கு வேண்டியவனை எந்த வரிசையில் வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் கட்டை இன்னும் விழவில்லை. இந்த முன்பின் ஒழுங்கைத்தான் கருவியின் மூளை என்று நான் சொல்வேன். பளிங்கு வெறும் உடம்பு.

வென்றவனுக்கும் எந்த வழக்கு என்று தெரியாது. ஒரு பானைக்குள் கை விட்டு, எழுத்துப் பொறித்த, ஓக் மரக் கொட்டை போன்ற ஒரு காயை எடுப்பான். லாம்டா என்று வந்தால் லாம்டா நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தின் நிறத்தில் ஒரு கோல் தருவார்கள். வாசல் விட்டத்திலும் அதே நிறம். நண்பன் இருக்கும் இடத்துக்கு நழுவ முடியாது, நிறம் காட்டிக்கொடுத்துவிடும். எந்த அதிகாரி எந்த நீதிமன்றத்தில் அமர்வது என்பதும் குலுக்கலே.

பேச்சுக்கு நேரம் அளப்பது தண்ணீர்க் கடிகாரம். அகோரா சந்தைத் திடலில் கிடைத்த ஒரு மண்பானை சுமார் ஆறு நிமிடத்தில் காலியாகிறது. சட்டத்தையோ சாட்சியத்தையோ வாசிக்கும்போது தண்ணீரை அடைத்துவிடுவார்கள். அப்புறம் வாக்கு. ஒவ்வொருவருக்கும் நடுவில் அச்சு உள்ள இரண்டு வெண்கல வட்டுகள்; ஒன்றின் அச்சு துளை, மற்றதன் அச்சு கெட்டி. இரு முனைகளையும் விரலால் மூடிப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு எது எது என்று தெரியாது. செல்லுபடியாகும் வாக்கு வெண்கலக் குடத்தில், மற்றது மரக் குடத்தில். எண்ணிக்கை சமமானால் குற்றம் சாட்டப்பட்டவருக்கே வெற்றி.

'ஏதென்ஸ் அரசியலமைப்பு' நூலின் பாப்பிரஸ் சுருள் எகிப்திலிருந்து வந்து 1891-இல் அச்சானபோது, கிளெரோடீரியன் என்றால் குலுக்கல் நடக்கும் அறை என்றே அறிஞர்கள் படித்தார்கள். 1930-களில் அகோராவைத் தோண்டியபோது பிளவுகள் கொண்ட பளிங்குத் துண்டுகள் கிடைக்க, ஸ்டெர்லிங் டௌ என்ற அமெரிக்க ஆய்வாளர் அவற்றை அடையாளம் கண்டார். அறை அல்ல, கல்!

இதைப் படித்துவிட்டு ஏதென்ஸ்காரர்கள் எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்திடம் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 500 பேர் கொண்ட மன்றமும் பெரும்பாலான பதவிகளும் குலுக்கலில் வந்தன, உண்மைதான். ஆனால் பத்துத் தளபதிகளைக் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். நீரூற்றுகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியையும் அப்படித்தான். போரும் குடிதண்ணீரும் விஷயம் தெரிந்தவனிடம் இருக்க வேண்டும் என்ற கணக்கு.

இன்னொன்று, கருவி எவ்வளவு நேர்மையானாலும் தகடு வைத்திருப்பவர்களுக்குள்தான் அது நேர்மை. கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை. குடிமகனைப் பெற்றுத் தரும் தாய்க்குத் தகடு கிடையாது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து வரி கட்டிய வெளியூர்க்காரருக்குக் கிடையாது. அரிஸ்டாட்டிலே அப்படி ஒரு வெளியூர்க்காரர்தான். அடிமைகளுக்கோ கேட்கவே வேண்டாம். நகரத்துக்குச் சொந்தமான அடிமைகள் பொது அலுவலகங்களில் கணக்குப் பார்த்தார்கள், ஆவணங்களைக் காத்தார்கள், ஆனால் அவர்கள் பெயர் எந்தப் பெட்டிக்குள்ளும் விழவில்லை.

வெண்கலத் தகடுகளில் கொஞ்சம் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. சிலவற்றில் பழைய பெயரைச் சுத்தியலால் தட்டி அழித்துவிட்டு அதன்மேல் இன்னொருவர் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அடியில் இருக்கும் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. பல தகடுகள் கிடைத்த இடம் நீதிமன்றம் அல்ல. கல்லறைகள். இறந்தவரோடு சேர்த்துப் புதைத்திருந்தார்கள்.