ஃபேன்டஸி கேம் புக்ல ஒரு வார்த்தைய மாத்துறதுக்கு முன்னாடி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம், அதாவது மேஜைய சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா கதை சொல்லி டைஸ் உருட்டி ஆடுற விளையாட்டு, அத எழுதுறவங்க அனுப்புற மேனுஸ்க்ரிப்ட எடிட் பண்றதுதான் என் வேலை, இப்பல்லாம் கூடவே "யாரையாவது புண்படுத்துற மாதிரி வார்த்தை இருந்தா மாத்திடுங்க"ன்னு ஒரு வரியும் சேர்த்து அனுப்புறாங்க. அப்படி கேக்குறதே பெரிய விஷயம், சந்தோஷமா இருக்கு. ஆனா பலபேர் எதிர்பார்க்கிறது ஒரு லிஸ்ட், இதுக்கு பதிலா இது, அதுக்கு பதிலா அது, ஒரு மதியத்துல வேலை முடிஞ்சுதுன்னு. அந்த மாதிரி முடியுற கேஸ் ரொம்ப கம்மிங்க. அந்த வார்த்தை ரூல்ஸுக்குள்ள என்ன வேலை பாக்குதுன்னு முதல்ல பாக்கணும், அத பாக்காம மாத்தினா பேர் போயிடும், குத்துற முள்ளு உள்ளயே இருக்கும்.

வார்த்தைய மாத்தினாலே சரியாகிடுற கேஸும் இருக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற கேம்ல (சுருக்கமா டி அண்ட் டி) லிச்னு ஒரு வில்லன், ஏழு கடல் தாண்டி கிளிக்குள்ள உயிர வச்சிருக்கிற மந்திரவாதி மாதிரிதான், உயிர ஒரு பொருள்ல ஒளிச்சு வச்சிருப்பான். அந்த பொருளுக்கு 1970கள்ல இருந்து ஃபைலாக்டரின்னு பேர். நிஜ உலகத்துல அந்த பேர் யூதர்களோட ஜெபப் பொருளுக்கு உரியது. சின்ன கருப்பு தோல் பெட்டி, அவங்க சொல்றது தெஃபில்லின், உள்ள கையால எழுதின தோரா, அதாவது அவங்க வேதத்தோட வசனம் இருக்கும், காலை ஜெபத்துல கையிலயும் நெத்தியிலயும் கட்டிக்குவாங்க. இப்ப டி அண்ட் டியோட அரக்கர்கள் புக்கான 2014 மான்ஸ்டர் மேனுவல்ல லிச் பக்கத்த படிங்க, குட்டி பெட்டி மாதிரி ஒரு தாயத்து, உள்ள வெள்ளியில மந்திர எழுத்து, அதுக்கு அடுத்தவங்க ஆன்மாவ தீனியா போடணும். காலையில தெஃபில்லின் கட்டிட்டு சாயங்காலம் டைஸ் உருட்ட வர்ற ஒருத்தர் அந்த பக்கத்த எப்படி படிப்பாருன்னு யோசிச்சாலே போதும். பைசோ கம்பெனி அவங்களோட பாத்ஃபைண்டர் கேம்ல இத சோல் கேஜ்னு மாத்திட்டாங்க, டி அண்ட் டியும் 2025 மான்ஸ்டர் மேனுவல்ல ஸ்பிரிட் ஜார்னு மாத்திடுச்சு. லிச் மேல இருந்த பயம் துளிகூட குறையல, ஏன்னா கதைக்கு தேவைப்பட்டது உயிர ஒளிச்சு வைக்க ஒரு இடம்தான், அந்த பேர் இல்ல.

வெர்வுல்ஃப் தி அபோகலிப்ஸ்ல இருந்த மெட்டிஸ் கதை வேற. 1992ல வந்த கேம், ரெண்டு ஓநாய் மனுஷங்க சேர்ந்து பெத்த குழந்தைக்கு அந்த பேர வச்சாங்க, அந்த குழந்தை பொறந்ததே குற்றம், அதுக்கு வாரிசு கிடையாது, கேரக்டர் உருவாக்கும்போதே உடம்புலயோ மனசுலயோ ஒரு குறைய தேர்ந்தெடுத்தே ஆகணும். கனடாவுல மேட்டின்னு நிஜமான மக்கள் இருக்காங்க, எழுதுற எழுத்து கிட்டத்தட்ட அதேதான், அங்க பூர்வகுடிகளும் ஐரோப்பியர்களும் கலந்து உருவான சமூகம், 1982 அரசியல் சட்டத்துலயே அங்கீகாரம் வாங்கினவங்க. இங்க பேர மட்டும் மாத்தினா என்ன மிச்சம் இருக்கும்? கலப்புல பொறந்தா குறையோடதான் பொறப்பன்னு சொல்ற ரூல் அப்படியே நிக்கும். 2023ல வந்த அஞ்சாவது எடிஷன்ல அந்த வகையவே தூக்கிட்டாங்க. அதுதான் சரின்னு நான் உறுதியா நம்புறேன்.

கேரக்டர் எல்ஃபா, ஓர்க்கா, மனுஷனான்னு அதோட இனத்த சொல்ற ரேஸ்ங்கற வார்த்தை இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. பாத்ஃபைண்டர் 2019லயே ஆன்செஸ்ட்ரி, அதாவது வம்சாவளின்னு போயிடுச்சு, டி அண்ட் டி 2022 டிசம்பர்ல அறிவிச்சு 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல ஸ்பீஷீஸ், அதாவது உயிரின வகைன்னு போட்டுச்சு. எல்லாரும் சண்டை போட்டது இந்த வார்த்தைக்காக, ஆனா எனக்கு முக்கியமா பட்டது அதுக்கு முன்னாடி அவ்வளவா பேசப்படாம நடந்த மாற்றம். 2016ல வந்த ஒரு டி அண்ட் டி புக்ல ஓர்க்கா ஆடணும்னா புத்தி ஸ்கோர்ல 2 குறையும், பொறப்பாலேயே மட்டம். 2020ல அந்த மைனஸ எடுத்தாங்க, 2024ல ஸ்கோர் போனஸ பொறப்புல இருந்தே பிரிச்சு பேக்ரவுண்டுக்கு, அதாவது கேரக்டரோட வாழ்க்கைப் பின்னணிக்கு கொண்டு போனாங்க, அதாவது நீ என்னவா பொறந்தங்கறது போய் என்ன பண்ணி வளந்தங்கறது வந்துச்சு. உண்மையான திருத்தம் அங்கதான் நடந்துச்சு. ஸ்பீஷீஸ்ங்கற வார்த்தை எனக்கு அவ்வளவு திருப்தி இல்ல, அது உயிரியல் பாடம் மாதிரி இன்னும் தள்ளி நிறுத்துது, ஆன்செஸ்ட்ரில ஒரு குடும்பம் இருக்கு. அதே 2024 புக்ல பாதி மனுஷன் பாதி எல்ஃபான ஹாஃப் எல்ஃப் தனி ஆப்ஷனா இல்ல, கலப்புக் குடும்பத்துல வளந்த சில பிளேயர்கள் தங்களையே பாத்துக்கிட்ட கேரக்டர் அது, அவங்க வருத்தத்தையும் நாம காது குடுத்து கேக்கணும்.

வார்த்தை லிஸ்ட மட்டும் நம்புறவங்களுக்கு நான் எப்பவும் காட்டுறது ஹடோஸி. 2022 ஆகஸ்ட்ல வந்த டி அண்ட் டியோட ஸ்பெல்ஜாமர் செட்ல வர்ற குரங்கு மாதிரி ஒரு கூட்டம் அது, ஒரு மந்திரவாதி பிடிச்சுட்டு வந்து மருந்து குடுத்து அறிவு வர வச்சு அடிமையா விக்கப் பாக்குறான், அப்புறம் அவனோட சிஷ்யங்க விடுவிக்கிறாங்க. அந்த பத்தியில தப்புன்னு அடிக்கோடு போட ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனா கறுப்பின மக்கள அடிமையாக்கினதுக்கு சொன்ன நியாயத்தையும் அவங்கள குரங்குன்னு திட்டின வசையையும் ஒண்ணா சேர்த்து வச்ச மாதிரி இருந்துச்சு. அடுத்த மாசமே கம்பெனி மன்னிப்பு கேட்டு அந்த பகுதிய எடுத்துடுச்சு. தேடல் பெட்டில எந்த வார்த்தைய தட்டினாலும் இது மாட்டாது, அந்த வலி தெரிஞ்ச ஒருத்தர் படிச்சாதான் மாட்டும்.

வர்ற கோரிக்கையெல்லாம் ஏத்துக்கணும்னு நான் சொல்லல. டி அண்ட் டியோட ரெண்டாவது எடிஷன் 1989ல வந்தப்ப டீமன், டெவில்ங்கற பேரெல்லாம் எடுத்துட்டாங்க, அப்புறம் 1991ல அதுங்க தனாரி, பாடெஸுன்னு வேற பேர்ல வந்துச்சு, இந்த கேம் பிள்ளைங்கள சாத்தான் பக்கம் இழுக்குதுன்னு அமெரிக்காவுல நடந்த பிரச்சாரத்துக்கு பயந்து பண்ணது, 2000ல மூணாவது எடிஷன்ல பழைய பேர் திரும்பி வந்துடுச்சு. அங்க காயப்பட்ட சமூகம்னு யாரும் இல்ல. யார் கேக்குறாங்க, எதனால கேக்குறாங்கன்னு பிரிச்சு பாருங்க, டேபிள்ல உங்க பக்கத்துல உக்காந்து ஆடுறவர் இது என் சாமி பொருள், என் மக்கள் பேருன்னு சொன்னா அதுக்கு இருக்கிற எடையே தனி.

வேலைன்னு வரும்போது சிலது சொல்லிடறேன். சென்சிட்டிவிட்டி ரீடர், அதாவது யாரையாவது புண்படுத்துதான்னு படிச்சு சொல்றவர வைக்கிறதா இருந்தா லேஅவுட் போனதுக்கு அப்புறம் கூப்பிடாதீங்க, அந்த நேரத்துல அவர் சொல்ற பெரிய மாற்றம் எதுவும் நடக்காது, அவுட்லைன் லெவல்லயே கூப்பிட்டு ஒழுங்கா காசு குடுங்க, புக்ல பேர் போடலாமான்னு கேட்டுக்கோங்க. ஒருத்தர் ஓகே சொன்னா மொத்த சமூகமும் ஓகே சொன்னதா அர்த்தமில்ல. அப்புறம் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ், தயவுசெஞ்சு கண்ண மூடிட்டு அழுத்தாதீங்க, 90கள்ல, அப்ப டி அண்ட் டிய நடத்தின டிஎஸ்ஆர் கம்பெனி வெளியிட்ட ஒரு மேஜிக் பொருள் தொகுப்புல, மந்திரவாதிய சொல்ற மேஜ்ங்கறத எல்லாம் விசார்ட்னு மாத்தப் போய் டேமேஜ்ங்கற வார்த்தை டாவிசார்ட்னு அச்சாச்சு. ரேஸ்ங்கற எழுத்துக்கள் எம்பிரேஸ், டிரேஸ், கிரேஸ்னு எத்தன வார்த்தைக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு பாத்துக்கோங்க. மெயின் டெக்ஸ்ட் முடிஞ்சதும் கேரக்டர் ஷீட், இண்டெக்ஸ், மேப்ல இருக்கிற பேர், படத்துக்கு கீழ வர்ற வரி, பிடிஎஃப் புக்மார்க் எல்லாத்தையும் தனித்தனியா ஒரு ரவுண்டு பாருங்க, பழைய பேர் கடைசில உக்காந்திருக்கிறது பெரும்பாலும் அங்கதான்.