ஃபோக் ஹாரர்: நாட்டார் திகில்

ஒரு வட்டாரத்தின் நிலத்தையும், அந்நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவருவதாகக் காட்டப்படும் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் அச்சத்தின் ஊற்றாகக் கொண்ட திரைப்படங்களை ‘ஃபோக் ஹாரர்’ என்பர். கிராமத்தில் நிகழும் பேய்ப்படங்கள் எல்லாம் இவ்வகையில் அடங்கிவிடா. தன்னைக் கொன்றவரைப் பழிவாங்கித் தணியும் ஆவியின் கதையை நகரத்து அடுக்ககத்துக்கு மாற்றினாலும் குறையொன்றும் நேராது. ஃபோக் ஹாரரில் மண்ணை மாற்றினால் கதையே நில்லாது.

‘ஃபோக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் மக்கள், குடி என்பன பொருள். ‘ஃபோக்லோர்’ என்னும் கூட்டுச்சொல்லை 1846-இல் வில்லியம் தாம்ஸ் ஆக்கினார். ‘ஹாரர்’ என்பதோ மயிர் சிலிர்த்து நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இவ்விரண்டும் இணைந்த தொடர் 1970-களுக்கு முன்னும் பின்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அச்சில் வந்திருப்பினும், ‘தி பிளட் ஆன் சேட்டன்ஸ் கிளா’ (1971) படத்தின் இயக்குநர் பியர்ஸ் ஹாகார்ட் தம் படத்தைக் குறிக்க அதைக் கையாண்ட பின்னரும், 2010-இல் நடிகரும் எழுத்தாளருமான மார்க் கேட்டிஸ் பி.பி.சி. ஆவணத் தொடரில் அதை எடுத்தாண்ட பின்னருமே பரவலாயிற்று.

ஹாகார்டின் படத்தோடு ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ (1968), ‘தி விக்கர் மேன்’ (1973) ஆகிய இரண்டும் இவ்வகையின் மூலப்படங்களாக மதிக்கப்படுகின்றன. மூன்றில் இலக்கணம் எனத்தக்கது கடைசிப் படமே. காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு வரும் கிறித்தவக் காவலர், அங்குள்ளோர் பழந்தெய்வங்களை வழிபடுவதைக் காண்கிறார். கனிமரங்கள் பொய்த்துவிட்டமையால் அடுத்த விளைச்சலுக்காக உயிர்ப்பலி தேவை என்பது ஊராரின் நம்பிக்கை. படத்தில் பேயும் இல்லை, இருட்டும் அதிகம் இல்லை. பட்டப்பகலில் பாட்டும் கூத்துமாக, முகம் மலர்ந்து, ஊரே கூடி ஒருவரை எரிக்கிறது. (மே மாதத்து வசந்தத்தைக் காட்டும் இப்படம் உண்மையில் 1972-இன் இலையுதிர்காலக் குளிரில், மரங்களில் செயற்கைப் பூக்களைக் கட்டி எடுக்கப்பட்டது.)

ஆய்வாளர் ஆடம் ஸ்கோவெல் இவ்வகையின் கூறுகளை நிலம், தனிமைப்பட்ட ஊர், பிறழ்ந்த நம்பிக்கை, அதன் விளைவான கொடுநிகழ்வு என ஒரு சங்கிலியாகக் கோத்துக் காட்டினார். இவற்றுள் ‘பிறழ்ந்த’ என்னும் அடைமொழி வெளியிலிருந்து வருபவரின் பார்வையே. ஊராருக்கு அது முறைமை.

இனித் தமிழ்ச்சொல். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்) என நான்கைக் கூறும். ‘விட்ச்ஃபைண்டர் ஜெனரல்’ படத்தின் அச்சம் அதிகாரத்தின் பெயரால் சூனியக்காரிகளை வேட்டையாடுபவனிடமிருந்து வருவதால் அதனை ‘இறை’யில் அடக்கலாம்; உழுசாலில் வெளிப்படும் விகார மண்டையோட்டோடு தொடங்கும் ஹாகார்டின் படத்தை ‘அணங்கு’ தாங்கும். ‘தி விக்கர் மேன்’ படத்தில் அச்சுறுத்துவோர் ஊர்மக்களே. அவர்களுக்கு அந்த நான்கிலும் பொருத்தமான இடம் இல்லை.

எனவே இவ்வகையின் பெயர் மக்களைச் சுட்ட வேண்டும்; அதற்குக் ‘கிராமியத் திகில்’ போதாது. அது களத்தை மட்டும் சுட்டும். ‘நாட்டுப்புறத் திகில்’ ஏற்கத்தக்கதே எனினும் அதிலும் இடப்பொருளே முந்துகிறது. ‘நாட்டார்’ என்பது மக்களைச் சுட்டும் சொல். நாட்டார் வழக்காற்றியல் என ஒரு துறையின் பெயராகவும் நிலைபெற்றுள்ளது. சோழர்காலக் கல்வெட்டுகளில் நாடு என்னும் நிலப்பிரிவின் சார்பில் கூடி முடிவெடுத்தோரையும் அது குறித்தது. கூடி முடிவெடுக்கும் ஊரே அச்சமூட்டும் இவ்வகைக்கு அந்தப் பழம்பொருளும் எதிர்பாராமல் ஒத்துவருகிறது. ஆகவே ‘நாட்டார் திகில்’ என்பதே பொருத்தமான நிகரன்.

இச்சொல்லைக் கொண்டு ஒரு படத்தை வகைப்படுத்தும்போது, அதிலுள்ள தொன்மம் மெய்யாகவே மக்களிடம் வழங்குவதா என்று பார்க்க வேண்டியதில்லை. சாத்தன் (குட்டிச்சாத்தான்) பற்றிய கேரள நம்பிக்கையிலிருந்து பிறந்த மலையாளப் படம் ‘பிரமயுகம்’ (2024) நாட்டார் திகில். மகாராட்டிர மழைநிலத்தில் நிகழ்ந்தாலும், ஹஸ்தர் என்னும் தெய்வத்தைப் படைப்பாளிகளே புனைந்துகொண்ட இந்திப் படம் ‘தும்பாட்’ (2018) என்பதும் நாட்டார் திகிலே.