மணலுக்குள் தொங்கும் தண்ணீர்

2023 கிறிஸ்துமஸ் இரவு ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் வீசிய சூறைக்காற்று கான்கிரீட் மின்கம்பங்களைக்கூட முறித்துப் போட்டது. புத்தாண்டன்று மறுபடி கனமழை. அங்கே அது கோடை விடுமுறை, கோல்ஃப் மைதானங்களில் கூட்டம் நெரியும் நேரம். இப்படியொரு அடி விழுந்த மைதானத்தில் எப்படிச் சீக்கிரமே ஆட விடுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் வேலை மரங்கள். விழுந்து கிடப்பதைவிட, முறிந்து மேலே தொங்கும் கிளைதான் ஆபத்து. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தால், வேர் பிடித்திருக்கும் மண்திட்டு சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அந்தப் பக்கம் ஆள் நிற்கவே கூடாது. அடுத்தது குச்சி, கல் பொறுக்குவது. குழியைச் சுற்றிப் பந்து உருளும் ‘கிரீன்’ புல்தரை சுமார் 3 மி.மீ. உயரத்துக்கு வெட்டப்படுவது, ஒரு பொடிக்கல் பட்டு புல்வெட்டியின் ரீல் பிளேடு நசுங்கினால் கிரீன் முழுக்க வெட்டுப்படாத கோடுகள் விழும். பங்கர் எனும் மணற்குழிகளில் நீரை இறைத்துவிட்டு, சரிவிலிருந்து வழிந்த மணலைத் திரும்ப மேலே தள்ள வேண்டும்.

இத்தனை மழைக்கும் கிரீன் மட்டும் முதலில் காய்ந்துவிடும். காரணம் அதன் அடியில் இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறைப்படி, மேலே 30 செ.மீ. மணல், அதன் கீழே 10 செ.மீ. ஜல்லி, அதற்கும் கீழே வடிகால் குழாய்.

ஜல்லி இருப்பதால்தான் நீர் விறுவிறுவென்று வடிகிறது என்று நினைப்போம். உண்மையில் ஜல்லி நீரைத் தடுத்து நிறுத்துகிறது! மணல் இடுக்கின் ஆரம் 0.1 மி.மீ. என்றால், நுண்புழை விசை (மெல்லிய இடுக்கு நீரைப் பிடித்துவைக்கும் விசை) சுமார் 15 செ.மீ. உயர நீரைத் தாங்கும். 1 மி.மீ. இடுக்கில் ஒன்றரை செ.மீ.தான். ஆகவே மணலில் ஒட்டியிருக்கும் நீருக்கு ஜல்லிக்குள் இறங்க மனசே வராது, எல்லைக்கோட்டிலேயே தொங்கும். மழை தொடர்ந்து பெய்து, மேலே சேரும் நீரின் எடை அந்தப் பிடியை மிஞ்சும்போதுதான் உடைத்துக்கொண்டு குழாய்க்கு ஓடும். மழை விட்டதும் உபரி போய்விடும், அடிப்பகுதி மட்டும் ஈரமாக நிற்கும், மேல்பகுதி இடுக்குகளில் காற்று நுழையும். வேருக்கு மூச்சும் உண்டு, வறண்ட நாளுக்குச் சேமிப்பும் உண்டு. மாடித்தோட்டத் தொட்டியில் ‘வடிகாலுக்கு’ ஜல்லி போடச் சொல்லும் யூடியூப் நிபுணர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம். ஆழமில்லாத தொட்டியில் ஜல்லி செய்வதெல்லாம் ஈர மண்டலத்தை வேருக்குப் பக்கத்தில் தூக்கி வைப்பதுதான்.

இதே இயற்பியல்தான் வெள்ளம் வந்தால் கிரீனைக் கொல்லவும் செய்கிறது. ஓடை பொங்கி வண்டல் படிந்துவிட்டால், சில மில்லிமீட்டர் போதும். வண்டலின் இடுக்குகள் மணலைவிடப் பல மடங்கு நுண்மையானவை. நீரை அங்கேயே பிடித்துவைத்து, கீழே உள்ள மணலுக்குத் தராது. மேலே சேறு, வேருக்குக் காற்றில்லை. அதனால் வண்டல் ஈரமாக இருக்கும்போதே ரப்பர் தள்ளியால் வழித்து, குழாய் நீரால் கழுவிவிட வேண்டும். காய்ந்து ஓடாகிவிட்டால் சுரண்டும்போது புல்லும் கூடவே வரும். அவசரத்தில் மேலே மணல் தூவி மறைப்பது படுமோசம்: அந்த அடுக்கு உள்ளே புதைந்து, வருஷக்கணக்கில் தொல்லை தரும். கழுவிய பிறகு, புல் தெளிந்ததும் கம்பிகளால் துளையிட்டுக் காற்று விடுவார்கள்.

வெப்பப் பகுதிகளில் கிரீனில் இருப்பது பெரும்பாலும் நம் அருகம்புல்லின் கலப்பினம். குளிர்ந்த நீரில் மூழ்கினால் அது சில நாள் தாங்கும். ஆனால் கோடை வெயிலில் ஆழமில்லாமல் தேங்கிய நீர் சூடேறினால் வெந்தே போகும். அதனால் பெரிய குளத்தை விட்டுவிட்டு, சின்னத் தேக்கங்களை முதலில் இறைப்பதே புத்திசாலித்தனம்.

கிரீன் வரை நீளும் புல்வெளியான ‘ஃபேர்வே’ களிமண்ணாக இருந்தால், அதற்கு இந்த மணல் வசதி இல்லை. குதிகாலால் அழுத்தினால் நீர் கசிகிறதா? அப்படியானால் பேட்டரி வண்டிக்குத் தடை, நடந்து ஆடலாம். விடுமுறை வசூலுக்காக ஈரத்தில் வண்டியை விடும் நிர்வாகங்கள் உண்டு. சக்கரம் மண் இடுக்குகளை நசுக்கிவிடும், அடுத்த மழைக்கு அதே இடத்தில் இன்னும் அதிகம் தேங்கும். வாடகைப் பணத்தைவிடத் தரையைச் சீராக்கும் செலவு கூடுதலாகத்தான் வரும்.